அயோனியன் கடலில் நண்பர்களோடு ஒரு வாரம்: பாய்மரப் படகுப் பயணத்துக்கு ஒரு செய்முறை

கிரேக்கத் தீவுகள் என்றாலே சாந்தோரினி, மிக்கோனோஸ் என்று கிளம்புகிறவர்கள் கிளம்பட்டும். முதல்முறையாகக் குழுவாகப் பாய்மரப் படகில் போவதென்றால் என் ஓட்டு மேற்குக் கரையின் அயோனியன் கடலுக்குத்தான். லெஃப்காடா தீவை ஒட்டி மெகனீசி, காலமோஸ், காஸ்தோஸ் என்று சின்னச் சின்னத் தீவுகள். கொஞ்சம் தெற்கே இத்தாக்கா. ஏஜியன் கடலில் கோடையில் மெல்தெமி என்னும் வடகாற்று நாள் கணக்கில் வீசிப் படகுகளைத் துறையிலேயே முடக்கிப்போடும். அயோனியனில் காலையில் பெரும்பாலும் காற்றே இருக்காது. மதியத்துக்கு மேல் மைஸ்த்ரோ என்னும் வடமேற்குக் காற்று எழும், பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கால அட்டவணை கிடைக்காது.

விசா, டிக்கெட் பற்றி எழுதப்போவதில்லை. அருகிலுள்ள விமான நிலையம் ப்ரெவேஸா. லெஃப்காடாவுக்குப் பாலம் இருப்பதால் அங்கிருந்து டாக்ஸியிலேயே படகுத்துறைக்குப் போய்விடலாம். ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். ஆகஸ்டில் சின்னத் துறைகளில் இடம் பிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

முதலில் படகு

‘எட்டுப் பேர் தங்கலாம்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மூன்று அறைப் படகில் அந்த எட்டில் இருவர், சாப்பாட்டு மேசையை இறக்கிப் போட்டு அதன் மேல் படுப்பவர்கள். ஸ்கிப்பர், அதாவது படகை ஓட்டித் தருபவரை, அமர்த்தினால் அவருக்கும் ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. அதனால் 40 அடிப் படகென்றால் ஆறு பேர், ஸ்கிப்பர் உண்டென்றால் நாலு பேர். அதுதான் என் கணக்கு.

ஸ்கிப்பர் இல்லாமல் எடுப்பதென்றால் குழுவில் ஒருவரிடம் ஐ.சி.சி. (படகோட்டும் தகுதிக்கான சர்வதேசச் சான்று) போன்ற செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்க வேண்டும். படகு தெரிந்த இன்னொருவரும் வேண்டும். ஃப்ளோட்டில்லா என்று ஒரு ஏற்பாடு உண்டு: பல படகுகள் சேர்ந்து போகும், முன்னால் வழிகாட்டிப் படகு. அதிலும் ஒவ்வொரு படகையும் ஓட்டத் தெரிந்த ஒருவர் தேவை.

இரட்டை உடல் கொண்ட காட்டமரானா, ஒற்றை உடல் படகா? காட்டமரான் சாயாது, இடவசதியும் அதிகம். ஆனால் இத்தாக்காவின் கியோனி மாதிரிச் சின்னத் துறையில் அது இரண்டு படகின் இடத்தை அடைத்துக்கொள்ளும், வாடகையும் கூடுதல். நான் ஒற்றை உடல் கட்சி.

சனிக்கிழமை மாலை படகை ஒப்படைப்பார்கள். வெளிப்பக்கத்தில் ஏற்கெனவே உள்ள கீறல்களையெல்லாம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணத்தைத் திரும்ப வாங்க அதுதான் சாட்சி. நங்கூரம் தூக்கும் மோட்டாரை உங்கள் கையால் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். சங்கிலியில் எத்தனை மீட்டருக்கு ஒரு வண்ணக் குறி என்று கேட்டு எழுதி வையுங்கள். கழிவறையில் காகிதம் போடக்கூடாது என்பதை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

வழி

லெஃப்காடாவிலிருந்து மெகனீசி, அடுத்து காஸ்தோஸ், காலமோஸ், இத்தாக்காவின் கியோனி, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ, திரும்பும்போது லெஃப்காடாவின் சிவோட்டா. ஒரு நாளைக்கு 10 முதல் 15 கடல் மைல் போதும். மணிக்கு 5 மைல் வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான். வழியில் கப்பல் அதிபர் ஒனாசிஸுக்குச் சொந்தமாக இருந்த ஸ்கார்பியோஸ் தீவு வரும். 1968-ல் அவரும் ஜாக்குலின் கென்னடியும் திருமணம் செய்துகொண்டது அங்கேதான். காலமோஸின் தென்முனையில் போர்ட் லியோனே என்ற ஊர், 1953 பூகம்பத்துக்குப் பின் கைவிடப்பட்டது. நண்பகலில் நங்கூரமிட்டு நீந்தக் கச்சிதமான இடம். காலமோஸ் மலையிலிருந்து இரவில் திடீர்க் காற்று இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வானிலைக்கு விண்டி, கடல் வரைபடத்துக்கு நேவியானிக்ஸ், எந்தத் துறை எப்படி என்று பார்க்க நேவிலி: இந்த மூன்று செயலிகள் போதும். நேவிலியில் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, எந்தக் காற்றில் அந்த இடம் ஆடுகிறது என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

படகைக் கரையில் கட்டுவது

எங்கள் குழுவுக்குத் தண்ணீர் காட்டியது இந்த வேலைதான். பாய் விரிப்பதை ஒரு மதியத்தில் பழகிக்கொள்ளலாம். மத்தியதரைக் கடல் முறையில் கட்டுவது வேறு கதை: முன்பக்கத்திலிருந்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்பக்கமாகவே கரைக்கு வந்து இரண்டு கயிறுகளால் கட்ட வேண்டும். முன் பம்பரில் கயிறு கட்டிய காரை, காற்றடிக்கும் சந்தில் ரிவர்ஸ் எடுப்பது மாதிரி.

துறைக்குள் நுழையும் முன்பே, வெளியில் நின்று எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். இரு பக்கமும் உரசலைத் தடுக்கும் ஃபெண்டர்கள், பின்னால் இரண்டு கயிறுகள். கயிறு கம்பிக் கைப்பிடிக்கு வெளியே சுற்றி வந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே சுற்றியிருந்தால் வீசிய பிறகுதான் தெரியும்.

இடத்தைப் பார்த்ததும், அதற்கு நேர் எதிரே கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளம் தள்ளி நில்லுங்கள். பக்கத்துப் படகுகளின் சங்கிலி எந்தக் கோணத்தில் போகிறது என்று பாருங்கள். ரிவர்ஸ் போட்டதும் படகின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும். கொஞ்சம் வேகம் பிடித்த பிறகுதான் சுக்கான் பேச்சைக் கேட்கும். அதனால் இன்னும் தூரத்திலிருந்தே ரிவர்ஸில் வாருங்கள், அந்த மூன்று நான்கு படகு நீளப் புள்ளிக்கு வந்ததும் நங்கூரத்தை விடுங்கள்.

முன்னால் நிற்பவர் படகு போகும் வேகத்துக்கே சங்கிலியை விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன்பக்கம் இழுபட்டுப் படகு குறுக்கே திரும்பும். மொத்தமாகக் கொட்டினால் நங்கூரம் பிடிக்காமல் கிடக்கும். பாதிச் சங்கிலி போனதும் ஒரு நொடி நிறுத்தி, அது மண்ணைக் கவ்வியதா என்று பாருங்கள். சைகை மட்டும் போதும், எஞ்சின் சத்தத்தில் 30 அடி தள்ளி நின்று கத்தினால் கணவன் மனைவி சண்டைதான் மிஞ்சும். கை உயர்த்தினால் விடு, முஷ்டி மடக்கினால் நிறுத்து என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கரைக்கு முதலில் போக வேண்டியது காற்று வரும் பக்கத்துக் கயிறு. கரையில் கை கொடுக்க வருபவர் எந்தக் கயிற்றைக் கேட்டாலும் காற்றுப் பக்கத்துக் கயிற்றையே முதலில் கொடுங்கள். அடுத்தது மற்றது. பிறகு சங்கிலியைக் கொஞ்சம் சுருட்டி இறுக்கினால் படகு கரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும், பலகையைப் போட்டு இறங்கலாம். நங்கூர மோட்டாரை இயக்கும்போதெல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும்.

இதற்காகவே மதியம் இரண்டு மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். இடமும் இருக்கும், காற்றும் முழுதாக எழுந்திருக்காது, வேடிக்கை பார்க்கக் கூட்டமும் குறைவு.

பின்சேர்க்கை

காலையில் கிளம்பும்போது பக்கத்துப் படகின் சங்கிலி நம் நங்கூரத்தில் மாட்டி வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். பதறாதீர்கள், அங்கே அது அன்றாடம் நடப்பது. இரண்டையும் நீர்மட்டம் வரை தூக்குங்கள். ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் விட்டு எடுத்து, இரு முனையையும் படகில் கட்டுங்கள். இப்போது அதன் எடை கயிற்றில். உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் அது கழன்றுகொள்ளும். படகைச் சற்று நகர்த்திவிட்டுக் கயிற்றின் ஒரு முனையை விடுங்கள், சங்கிலி தானே கடலுக்குப் போய்விடும். சங்கிலிக்கு அருகில் விரலைக் கொண்டு போகவே கூடாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டதற்கு: தாராளமாகக் கிடைக்கும். பெரிய வெள்ளை பீன்ஸைத் தக்காளியோடு வேகவைத்த யீகாந்தெஸ், காய்கறிகளை எண்ணெய் விட்டு அவனில் வாட்டிய ப்ரியாம், அரிசி அடைத்த குடைமிளகாய். ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் விரத உணவு என்று புரிந்துகொண்டு இறைச்சி, பால், முட்டை இல்லாததைக் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் விரதத்தில் கணவாயும் இறாலும் சேர்த்தி, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.