மெழுகுவர்த்தியின் இரண்டு முனைகள்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்த இரண்டு பேரின் பிரதிகளைத் திருத்தினேன். இரண்டிலும் 'பர்னிங் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்' (மெழுகுவர்த்தியை இரண்டு முனையிலும் எரிப்பது) என்ற ஆங்கிலத் தொடர் வந்திருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் விழுந்த அதே குழியில் இருவரும் விழுந்திருந்தார்கள். சந்திப்பிழை என்றால் மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். இது அவர் கண்ணில் படாது. தமிழ் வாக்கியம் அவ்வளவு அழகாக இருக்கும்.

தியாகமாக்கிவிடுவது

நமக்கு மெழுகுவர்த்தி என்றாலே தியாகம். 'தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருபவர்' என்று ஆசிரியர் தின மேடைகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆங்கிலத் தொடரில் அந்தப் பாராட்டு கிடையாது. மெழுகுவர்த்தியைக் கிடையாகப் பிடித்தால்தான் இரண்டு முனையும் எரியும். மெழுகு சொட்டும், பாதி நேரத்தில் தீர்ந்துபோகும். விடியற்காலையையும் விடாமல் நள்ளிரவையும் விடாமல் உடம்பைச் செலவழிப்பவரைப் பற்றிய எச்சரிக்கை அது.

ஒரு நினைவு மலருக்கு மகன் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை என்னிடம் வந்தது. அப்பா பகலில் அலுவலகம், இரவில் கடைக்கணக்கு என்று ஓடி, ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தொடரை 'மெழுகுவர்த்தியாய் உருகிக் குடும்பத்துக்கு ஒளி தந்தார்' என்று எழுதினேன். மலர் அச்சாகி வந்ததும் மகன் போன் செய்தார்.

"சார், அப்பாவை நாங்க தடுத்திருக்கணும்னுதான் எழுதியிருந்தேன். நீங்க பாராட்டிட்டீங்க."

200 பிரதிகளையும் என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். காசு போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் குரல்தான் இன்னும் உறுத்துகிறது. இப்போதும் பிரதியில் 'உருகி' என்று கண்டால் மூலத்தைத் திறக்காமல் நகர மாட்டேன்.

'ராப்பகல் பார்க்காமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார்.' இது போதும். மெழுகுவர்த்தி தமிழுக்கு வரவே வேண்டாம்.

பழைய நூலிலும் உடம்பென்றே எடுத்துக்கொள்வது

ஆரம்பத்தில் இந்த ஆங்கிலத் தொடர் பணத்தைப் பற்றிய பேச்சு. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கணவன், மனைவி இருவருமே ஊதாரிகளாக இருந்தால் இப்படிச் சொல்வார்கள் என்கிறது நேதன் பெய்லியின் 1730 அகராதி. 18ஆம் நூற்றாண்டு எழுத்தில் இது வந்தால், அக்கம்பக்கத்துப் பத்திகளில் வரவு செலவு பேசப்படுகிறதா என்று முதலில் பாருங்கள்.

'மிட்நைட் ஆயில்'

'பர்னிங் தி மிட்நைட் ஆயில்' என்ற ஆங்கிலத் தொடரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு. கண்விழித்துப் படிப்பது. அதில் கண்டனம் இல்லை.

'அகலக்கால்'

'அகலக்கால் வைத்தார்' என்ற தமிழ்த் தொடர், தொழிலில் சக்திக்கு மீறிக் கடனும் கிளையும் இழுத்துப் போட்டுக்கொள்பவருக்குச் சரி. தூக்கம் கெட்டவருக்குப் போடாதீர்கள்.