ஹேட்ரியனையும் ஆன்டினோவஸையும் சிலையில் அடையாளம் காண்பது எப்படி?

ரோமானியச் சிலைக்கூடத்துக்குள் முதல்முறை நுழையும்போது எல்லாத் தலைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவோம். இரண்டே இரண்டு முகங்களை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், மற்றவை தானாகப் பிடிபடும்.

ஒருவர் கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட பேரரசர் ஹேட்ரியன். இன்னொருவன் அவர் காதலித்த இளைஞன் ஆன்டினோவஸ், இன்றைய துருக்கியில் இருக்கும் பித்தினியா பகுதிக்காரன். கி.பி. 130-இல் பேரரசரோடு எகிப்துக்குப் போன இடத்தில் நைல் நதியில் மூழ்கி இறந்தான். ஹேட்ரியன் அவனைத் தெய்வமாக்கினார். அந்த நதிக்கரையிலேயே அவன் பெயரில் ஒரு நகரத்தை எழுப்பினார். பேரரசு முழுக்க அவன் சிலைகள் எழுந்தன. இன்றும் ஏறக்குறைய 100 மிஞ்சியிருக்கின்றன.

லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் இருவரின் மார்பளவுச் சிலைப் படங்களும் கிடைக்கும். அவற்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: தாடியைப் பாருங்கள்

ஹேட்ரியனுக்கு முந்தைய பேரரசர்கள் பொதுவாக மழித்த முகத்தோடுதான் சிலைகளில் வருவார்கள். முழுத்தாடியை வழக்கமாக்கியவர் இவர். ஆனால் இவருக்குப் பின் வந்தவர்களும் தாடி வைத்தார்களே, குழம்பாதா? குழம்பும். அதனால் முடியையும் சேர்த்துப் பாருங்கள். ஹேட்ரியனின் தாடி குட்டையானது, தாடையோடு ஒட்டியது. தலைமுடி உச்சியிலிருந்து அலை அலையாக முன்னால் வாரப்பட்டு, நெற்றி ஓரத்தில் வரிசையாகச் சுருண்டு நிற்கும். நீண்ட தாடியும் தலை முழுக்கச் சுருட்டையும் இருந்தால் அது பெரும்பாலும் பின்னாளில் ஆண்ட பேரரசர் மார்கஸ் அரேலியஸ்.

படி 2: காதுக்கு வாருங்கள்

படத்தைப் பெரிதாக்கி, தோடு போடும் இடத்தைப் பாருங்கள். ஹேட்ரியனின் பல சிலைகளில் அங்கே குறுக்காக ஒரு மடிப்பு ஓடும். இதை இதயநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. எனக்கு அதைவிட, அந்தச் சின்ன மடிப்பையும் விடாமல் செதுக்கிய கைதான் பெரிதாகத் தெரிகிறது.

படி 3: ஆன்டினோவஸின் முடியை வரையுங்கள்

இந்தப் படிக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். முகத்தில் தொடங்காதீர்கள், அழகான இளைஞன் முகம் என்றால் கிரேக்கத் தெய்வம் அப்போலோ உட்பட ஆயிரம் சிலைகள் இருக்கின்றன. நெற்றியில் விழும் முடிக்கற்றைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வரையுங்கள். எது வளைகிறது, எது இன்னொன்றின் மேல் ஏறிக் கிடக்கிறது, எங்கே இரண்டு பிரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கலைந்த முடிபோலத் தோன்றும். ஆனால் வேறொரு ஊரில் கிடைத்த சிலையிலும் அதே கற்றைகள் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும். ஒரே மூல உருவத்தைப் பார்த்துப் பல பட்டறைகள் செதுக்கியதால் வந்த ஒற்றுமை இது. ஆய்வாளர்களும் இப்படிக் கற்றைகளை ஒப்பிட்டுத்தான் ஒரு சிலை யாருடையது என்று தீர்மானிக்கிறார்கள்.

அப்புறம் முகம்: நேரான அடர்ந்த புருவம், சதைப்பிடிப்பான கன்னம், தடித்த உதடு, சற்றே சாய்ந்து குனிந்த தலை. மார்பு மட்டும் வளர்ந்த ஆணுடையதுபோல அகன்றிருக்கும்.

படி 4: வேடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்

லண்டன் சிலையில் அவன் தலையில் படர்கொடி மாலை இருக்கிறது, அதாவது கிரேக்கர்களின் மதுத் தெய்வமான டயோனிசஸ் வேடம். வாட்டிகனில் எகிப்திய அரசர்களின் தலைத்துணி கட்டி, எகிப்தியத் தெய்வம் ஓசிரிஸாக நிற்கிறான். இன்னோரிடத்தில் வனதேவதை சில்வானஸ். தெய்வம் மாறினாலும் முகம் அதேதான்.

படி 5: கண்மணி

கருவிழியும் அதன் நடுவே இருக்கும் பாப்பாவும் செதுக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது கண் வழவழவென்று இருக்கிறதா? முன்பெல்லாம் கண்ணை வண்ணத்தால் தீட்டுவார்கள். ஹேட்ரியன் காலத்தில்தான், ஏறக்குறைய 130-ஐ ஒட்டி, உளியால் குடையும் பழக்கம் பரவியது. தோராயமான காலத்தைச் சொல்ல இது உதவும்.

படி 6: ஒட்டுவேலையைத் தேடுங்கள்

மூக்கு புத்தம்புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பிற்காலச் சிற்பிகள் உடைந்ததையெல்லாம் சரிசெய்தார்கள். ரோமின் அல்டெம்ப்ஸ் மாளிகையில் இருக்கும் ஆன்டினோவஸின் மார்பளவுச் சிலையில் முகமே பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது. அட்லாண்டிக்குக்கு அப்பால், சிகாகோ கலைக் கழகத்தில் முகத்துண்டு ஒன்று தனியாக இருந்தது. இரண்டும் ஒரே சிலையின் பகுதிகளாக இருக்கலாம் என்று ஓர் எகிப்தியல் ஆய்வாளருக்குப் பொறிதட்டியது. பிறகு லேசர் ஸ்கேன், பிளாஸ்டர் வார்ப்பு என்று சோதித்தார்கள். பொருந்தியது. 2016-இல் சிகாகோவில் இரண்டையும் சேர்த்தே காட்சிக்கு வைத்தார்கள்.

சரி, இது ஆன்டினோவஸ்தான் என்று முதலில் எப்படித் தெரிந்தது? கிரேக்க நகரங்கள் அவன் முகத்தோடு பெயரையும் பொறித்து நாணயம் அடித்தன. சிரியாவில் கிடைத்த ஒரு மார்பளவுச் சிலையிலும் அவன் பெயர் கிரேக்கத்தில் இருக்கிறது.

பயிற்சிக்கு, கிரீஸில் உள்ள டெல்ஃபி அருங்காட்சியகத்தில் இருக்கும் அவனுடைய முழுச் சிலையின் படத்தை எடுங்கள். 1890-களில் மண்ணைத் தோண்டியபோது நின்ற நிலையிலேயே கிடைத்தது. முடியைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் தெரிகின்றனவா? உலோக மாலை செருகியிருந்த இடம் அது. துளைகளுக்குக் கீழே, நெற்றியில் விழும் கற்றைகளை உங்கள் தாளோடு வைத்துப் பாருங்கள்.