கொட்டேஷனில் முழு மாடல் எண் கேளுங்கள்: பட்ஜெட் கேமிங் பிசிக்கு பாகங்கள் வாங்குவது எப்படி

கடையில் போய் "கேமிங் பிசி வேணும், பட்ஜெட் இவ்வளவு" என்று சொன்னால், பல இடங்களில் சட்டென்று ஒரு கொட்டேஷன் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஆர்ஜிபி (வண்ண விளக்கு) கேபினெட். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஐந்தில் ஒன்றைப் பற்றிக்கூட, உங்கள் காசுக்கு என்ன பொருள் வருகிறது என்று அந்தத் தாள் சொல்லவில்லை. அதனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவோ ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு வரிக்கும் கம்பெனி பெயரும் முழு மாடல் எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அந்த ஐ7-ஐயே எடுத்துக்கொள்வோம். 2011-இல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான். அதில் ஏவிஎக்ஸ்2 (புதிய ப்ராசசர்களில் இருக்கும் ஒரு கட்டளைத் தொகுப்பு) வசதி இல்லாததால் புதிய கேம்கள் சில திறக்கவே திறக்காது, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவுப் பட்டியலிலும் அது கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனால் மலிவு "கேமிங் காம்போ"க்களில் இன்றும் இந்தத் தலைமுறை ப்ராசசர்களைத்தான் போட்டு விற்கிறார்கள். 2022-இல் வந்த ஐ3-12100எஃப்-இலும் நாலே கோர்தான், இருந்தும் கேமில் அந்தப் பழைய ஐ7 அதன் பக்கத்தில்கூட வராது. ஐ3, ஐ5, ஐ7 என்ற எழுத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? என்ன விளையாடப் போகிறீர்கள், எந்த மானிட்டரில் என்பதிலிருந்து. வாலரண்ட் மாதிரி இலகுவான கேம் மட்டும்தான் என்றால், ஏஎம்டி-யின் ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ப்ராசசரை வாங்கி, கார்டே இல்லாமல் ஆரம்பிக்கலாம். கார்டு பிறகு போட்டுக்கொள்ளலாம். பெரிய கதை கேம்களை 1080பி-இல் (ஃபுல் ஹெச்டி திரையில்) நல்ல செட்டிங்கில் ஓட்ட வேண்டும் என்றால் கார்டு கட்டாயம், டவருக்கு (மானிட்டர் சேராமல்) ஒதுக்கிய பணத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அதற்கே போகட்டும். ப்ராசசரில் ஒரு படி இறங்கி கார்டில் ஒரு படி ஏறுவதுதான் இந்த பட்ஜெட்டில் எப்போதும் லாபம்.

கார்டில் எல்லோரும் ஏமாறும் இடம் ஜிபி கணக்கு. 4 ஜிபி என்பது மெமரியின் அளவு, வேகம் அல்ல. ஜிடி 730 கூட 4 ஜிபி-யில் வருகிறது, அது திரையில் படம் காட்டத்தான் லாயக்கு. ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்கும் கூத்தும் உண்டு: ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் 8 ஜிபி-யா 6 ஜிபி-யா என்று கேட்டே ஆக வேண்டும், 6 ஜிபி மாடலில் மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு, மெமரி பஸ்ஸும் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) 128 பிட்டிலிருந்து 96 பிட்டுக்கு இறங்கிவிட்டது. (தனி பவர் கனெக்டர் இல்லாமலேயே 70 வாட்டில் ஓடும் என்பது அதன் ஒரே சிறப்பு, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட நல்லது.) என்னைக் கேட்டால், கிடைக்கிற வரை ஆர்எக்ஸ் 6600 தான் பட்ஜெட் ஆட்களுக்கான கார்டு. 8 ஜிபி மெமரி, 132 வாட்தான் இழுக்கும், 1080பி-க்குப் போதும். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 12 ஜிபி-யுடன் வரும் இன்டெல் ஆர்க் பி580. ஆனால் ஆர்க் கார்டுக்கு மதர்போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இருந்தாக வேண்டும், பழைய போர்டில் போட்டால் வேகம் படுத்துவிடும்.

ப்ராசசருக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், இரண்டும் ஆறு கோர், எதை எடுத்தாலும் குறையில்லை. 5500, 5600, 5600ஜி மூன்றும் ஒன்றுதான் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்: 5600-இல் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பி, அந்த வித்தியாசம் கேமில் தெரியும். பெட்டி இல்லாமல் "ட்ரே" ப்ராசசர் குறைந்த விலைக்குத் தருவார்கள், அதற்குத் தயாரிப்பாளர் வாரண்டி கிடையாது, கடைக்காரர் தருவதுதான். ஏஎம்டி-யின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் பிற்பாடு ப்ராசசரை மட்டும் மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும், 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலையே ஏறிக் கிடக்கிறது. வீட்டிலோ நண்பரிடமோ பழைய டிடிஆர்4 ரேம் சும்மா கிடந்தால் ரைசன் 5 5600 பொருந்தும் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டிலேயே கட்டுங்கள், மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போகட்டும்.

ரேமில் ஒன்றுதான் முக்கியம்: 16 ஜிபி-யை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். தனி கார்டு இல்லாமல் 5600ஜி-யில் ஆடப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஒற்றை ரேமில் ஃபிரேம் ரேட் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். எஸ்எஸ்டி என்விஎம்இ (போர்டிலேயே செருகும் வேகமான வகை)-யாக இருந்தால் போதும், அதிலும் வேகமான ஜென்4-க்கெல்லாம் காசைக் கொட்டத் தேவையில்லை.

இப்போது எஸ்எம்பிஎஸ். கொட்டேஷனில் பணத்தைக் குறைக்கக் கடைக்காரரும் நாமும் முதலில் கை வைப்பது இதில்தான், கை வைக்கவே கூடாததும் இதுதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் "500 வாட்" டப்பாவைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கட்டம் கட்டமாக 3.3, 5, 12 வோல்ட் என்று இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர் போட்டிருக்கும். ப்ராசசரும் கார்டும் ஓடுவது 12 வோல்ட்டில், அதனால் அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட், அவ்வளவுதான் உங்கள் 500 வாட். நல்ல 550 வாட் யூனிட்டில் இது 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் முத்திரையைப் பாருங்கள், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றுதான், உள்ளே போட்ட பாகங்களின் தரத்துக்கு அல்ல. அதைவிட எத்தனை வருட வாரண்டி என்பது நல்ல அடையாளம், ஐந்து வருடம் தருகிறவர் தெரிந்துதான் தருவார். கார்டுக்கான 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்-இலிருந்தே வர வேண்டும், மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் இணைப்பிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் யுபிஎஸ்-உம் வேண்டும், அதில் விஏ-வைப் பார்க்காமல் வாட் எவ்வளவு என்று பாருங்கள், 600 விஏ என்று விற்பதில் 360 வாட்தான் கிடைக்கும்.

கேபினெட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் காற்று எங்கிருந்து வரும்? மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில் ஆடப் போகிறவர் வலை முகப்பு உள்ளதையே வாங்க வேண்டும், விளக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாம், ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றிப் பெயர் திருத்திய கார்டு பலவற்றில் பெயருக்கு முன்னால் 'போலி' என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும். அப்புறம் கார்டை முழு வேகத்தில் உழைக்க வைக்கும் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் கோடு, புள்ளி வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று நின்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்றால் 2048எஸ்பி மாடலா என்று கேளுங்கள், அது பெயரில் மட்டும்தான் 580.

பில் ஜிஎஸ்டி-யோடு இருக்கட்டும், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் அதில் ஏறட்டும், வாரண்டிக்குப் போகும்போது அதுதான் கேட்பார்கள். அசெம்பிள் செய்து வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் ரேம் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் இருக்க வேண்டும். மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை) ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் 2133-லோ 2400-லோதான் ஓடும். கார்டு இருந்தும் மானிட்டர் கேபிள் போர்டில் செருகியிருந்தால் பிடுங்கிக் கார்டில் செருகுங்கள், பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் ரிஃப்ரெஷ் ரேட்டை 60-இலிருந்து உங்கள் மானிட்டர் தரும் அளவுக்கு, 144 என்றால் 144-க்கு, மாற்றிவிடுங்கள்.