போட்டி இல்லாத மாதங்களில் ரோபோவைப் பிரித்துக் கட்டுதலும் தொழிற்சாலைப் பார்வையும்

எஃப்.ஆர்.சி. (FIRST Robotics Competition) போன்ற, பள்ளி மாணவர் அணிகள் ரோபோ கட்டி மோதும் போட்டிகளில் ஜனவரித் தொடக்கத்தில் அந்த ஆண்டின் விளையாட்டு அறிவிக்கப்படுகிறது. ஏப்ரல் இறுதி வாக்கில் உலகப் போட்டி முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் பல அணிகள் பழைய ரோபோவைப் புதுப்பிக்கின்றன, ஏதேனும் ஒரு தொழிற்சாலையையும் சென்று பார்க்கின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகளாகவே பெரும்பாலும் திட்டமிடப்படுகின்றன. ரோபோவை முழுவதும் பிரித்துப் பழுதுகளைப் பதிவு செய்த பிறகு, ஆனால் புதிய பாகங்களை வரையத் தொடங்கும் முன்பு, தொழிற்சாலைக்குச் செல்லுமாறு நாட்களை அமைத்துக்கொண்டால் இரண்டாலும் கிடைக்கும் பயன் பெருகும். உடைந்த பாகமும் அதைப் பற்றிய கேள்வியும் கையில் இல்லாமல் சென்றால், அது ஒரு சுற்றுலாவாகவே முடியும்.

பிரிக்கத் தொடங்கும் முன் ரோபோவை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே சத்தம் வருகிறது, ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாகங்கள் மேசைமீது பரவிக் கிடக்கும்போது இவற்றை அறிய வழியில்லை. கடைசிப் போட்டியில் ஓடிய நிரலை ஒரு பெயரிட்டுத் தனியே பாதுகாத்து வையுங்கள். மோட்டார் கட்டுப்படுத்திகளின் எண்களையும் மென்பொருள் பதிப்புகளையும் எழுதி வையுங்கள். எல்லாப் பக்கங்களிலிருந்தும், குறிப்பாக வயர்கள் செல்லும் வழிகளை, படம் எடுங்கள். அதன் பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

கழற்றும் வேலையை இளைய மாணவர்களிடம் ஒப்படைப்பது நல்லது. மூத்தவர்கள் அருகில் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், கருவியைக் கையில் வாங்கக் கூடாது. வேலை மெதுவாகத்தான் நடக்கும்; ஆனால் அடுத்த ஆண்டு அந்த மூத்தவர்கள் அணியில் இருக்கப்போவதில்லை.

ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போல்ட் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருந்தால், அந்த இணைப்பு பல போட்டிகளாகத் தளர்ந்த நிலையில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது என்று பொருள். நைலான் வளையம் உள்ள நட்டுகள் பலமுறை கழற்றி மாட்டப்பட்டால் பிடிப்பை இழந்துவிடும். அவற்றை மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமாகாது. சங்கிலியைச் சற்று இழுத்துப் பிடித்துப் பல கண்ணிகளின் மொத்த நீளத்தை அளவிடுங்கள். புதிய சங்கிலியைவிட 3 விழுக்காடு நீண்டுவிட்டால் மாற்ற வேண்டும் என்பது தொழில்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு.

முறிந்த பாகங்களை எறிந்துவிடாதீர்கள், ஏனெனில் முறிவின் முகம் நடந்ததைச் சொல்லும். ஒரு பகுதி வழவழப்பாகவும் அதில் மெல்லிய அலைக்கோடுகளும், மற்றப் பகுதி சொரசொரப்பாகவும் இருந்தால், அது சிறு விரிசலாகத் தொடங்கி மீண்டும் மீண்டும் வந்த சுமையால் வளர்ந்த களைப்பு முறிவாகும். அந்த விரிசல் பெரும்பாலும் கூர்மையான உள்மூலையிலோ துளையின் விளிம்பிலோதான் தொடங்கியிருக்கும். வழவழப்பான பகுதியே இல்லாமல் உலோகம் வளைந்து கிழிந்திருந்தால், ஒரே மோதலில் போனது எனலாம். முதல் வகைக்கு வடிவத்தை மாற்ற வேண்டும். இரண்டாம் வகைக்குப் பாகத்தை வலுப்படுத்தலாம், அல்லது மோதல் அங்கே வராதபடி தடுக்கலாம். இரண்டிற்கும் தடித்த தகடுதான் மருந்து என்று எண்ணுவது எடையை ஏற்றுமே தவிரப் பழுதை நீக்காது.

மின்சாரப் பகுதியில் அனுமானத்தைவிட அளவீடு விரைவாக வேலை செய்யும். மோட்டார் கட்டுப்படுத்திகளை ரோபோவின் கணினியோடு இணைக்கும் இரு வயர் கேன் (CAN) தொடர்பு வழியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால், மின்சாரம் இல்லாத நிலையில் இரண்டு வயர்களுக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும்; 120 காட்டினால் ஒரு முனையின் மின்தடை இணைப்பில் இல்லை அல்லது நடுவில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. கிரிம்ப் செய்த, அதாவது வயரோடு நசுக்கிப் பொருத்திய, ஒவ்வொரு முனையையும் கையால் உறுதியாக இழுத்துப் பாருங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, வோல்ட் அளவு மட்டும் ஏமாற்றிவிடும். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் இரண்டு ஈய அமில பேட்டரிகளில் ஒன்றின் உள்மின்தடை (பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்திற்கு உள்ள தடை) 0.015 ஓம், மற்றொன்றினுடையது 0.030 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ரோபோ வேகமெடுக்கும் கணத்தில் 200 ஆம்பியர் இழுத்தால், முதல் பேட்டரி 9.6 வோல்ட்டுக்கும் இரண்டாவது 6.6 வோல்ட்டுக்கும் இறங்கும். இரண்டாவது நிலையில் ரோபோவின் கணினி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடக்கூடும். அணியோ நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் கொடுத்து, உள்மின்தடையை அளந்து எழுதுங்கள். ஈய அமில பேட்டரிகளை மின்னூட்டம் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும் என்பதால், இடைக்காலத்திலும் அவ்வப்போது சார்ஜ் செய்ய வேண்டும்.

கண்ட பழுதுகளை ஓர் அட்டவணையாக்குங்கள். பழுதுகளை ஆபத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தத் தொழிற்சாலைகள் கையாளும் எஃப்.எம்.இ.ஏ. (FMEA) முறை இங்கே அப்படியே பொருந்தும்: பழுதின் கடுமை, அது நிகழும் வாய்ப்பு, அதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் உள்ள கடினம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பிட்டு, அவற்றைப் பெருக்க வேண்டும். பெருக்குத்தொகை அதிகமாக உள்ள நான்கைந்து பழுதுகளை மட்டும் இந்த இடைக்காலத்தில் சரிசெய்யத் தீர்மானியுங்கள். முழுவதையும் மாற்ற முற்படும் அணி, அடுத்த ஜனவரியில் பாதி கட்டிய ரோபோவோடு நிற்கும்.

இந்த அட்டவணைதான் எந்தத் தொழிற்சாலைக்குச் செல்வது என்பதையும் முடிவு செய்கிறது. ரோபோக்கள் வரிசையாகக் கார்களைப் பற்றவைக்கும் பெரிய ஆலை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் தகடு வளைக்கும் பட்டறை, கணினி இயக்கும் (சி.என்.சி.) கடைசல் கூடம், வயர் கட்டுகள் தயாரிக்கும் நிறுவனம் போன்ற சிறிய இடங்களில்தான் பாகத்தைச் செய்பவரோடு நேரடியாகப் பேச முடியும். குறைந்தது ஒரு மாதத்திற்கு முன் கடிதம் எழுதுங்கள். எத்தனை பேர், எந்த வயதினர், எதைக் கற்க வருகிறீர்கள் என்பதை அதில் குறிப்பிட்டு, உங்கள் கேள்விகளையும் பழுதான பழைய பாகங்களின் இரண்டு வரைபடங்களையும் இணையுங்கள். பாதத்தை முழுவதும் மூடும் காலணி, பாதுகாப்புக் கண்ணாடி, படமெடுக்க அனுமதி ஆகியவை பற்றி முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே வரைபடத்தை நீட்டிக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் நல்ல பதில் வரும். இந்த உள்மூலையை இப்படிக் கூராக வெட்ட முடியுமா என்று கேட்டால், சுழலும் வெட்டுக்கருவி வட்டமானது என்பதால் அதன் ஆரத்தைவிடக் கூரான உள்மூலை வராது என்பார்கள். விரிசல் தொடங்கிய இடமும் அத்தகைய மூலையே என்பதை மாணவர்கள் தாமாகவே இணைத்துப் பார்ப்பார்கள். 0.1 மில்லிமீட்டர் துல்லியம் போதுமான துளைக்கு 0.01 கேட்டால் செலவு எப்படி ஏறுகிறது, தகட்டின் தடிமனுக்கு ஏற்ப வளைவின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். முறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து சட்டகம்வரை இழுத்த பெயிண்ட் கோடு எங்கேனும் தென்பட்டால் நின்று பாருங்கள். போல்ட் சற்றே தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் இந்த எளிய வழியை அன்றே கடன் வாங்கலாம்.

திரும்பிய இரண்டொரு நாட்களுக்குள், நினைவு மங்கும் முன், அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு பழுதுக்கும் எதிரே கேட்டறிந்ததை எழுதி, அதன்பின் வரையத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் பொருத்திச் சோதியுங்கள். இரண்டைச் சேர்த்துப் பொருத்தினால் எது பயன் தந்தது என்று தெரியாது. சோதனை ஓட்டமும் ஒரு போட்டி ஆட்டத்தின் நீளம், ஏறத்தாழ இரண்டரை நிமிடம், முழு வேகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பிறகும் பெயிண்ட் கோடுகளையும் மோட்டார்களின் சூட்டையும் பார்த்துக் குறியுங்கள்.

புதிய பாகம் சில வாரங்கள் ஓடிய பிறகு, அதன் படத்தையும் பழைய பாகத்தின் படத்தையும் வைத்து அந்தத் தொழிற்சாலைக்கு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். புதிய பாகமும் மறுபடி முறிந்திருந்தால் முறிந்த முகத்தின் படத்தையே அனுப்பி, என்ன தவறியது என்று கேளுங்கள்.