குமரி மலைகளில் நடக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

பதிவுப் படிவத்தில் ‘உங்கள் உடல்தகுதி எப்படி?’ என்று ஒரு கேள்வி இருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் ‘நன்று’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கல்லூரியில் கபடி ஆடியதெல்லாம் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. போன மாதம் எத்தனை நாள் காலையில் எழுந்து நடந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

நான் நாகர்கோவில்காரன். நண்பர்கள் கூட்டிப்போகும் நடைக்குழுக்களில் பல வருஷமாகக் கடைசி ஆளாக வருவது என் வேலை. வழிகாட்டி முன்னால் போவார், யாரும் பின்தங்கிவிடாமல் நான் பின்னால் வருவேன். முன்னால் போகிறவருக்குக் காடு தெரியும். கடைசியில் வருகிறவனுக்கு ஆட்களின் கால்தான் தெரியும். இங்கே எழுதுவது அந்தக் கால்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

தமிழ்நாடு வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில், மாநிலம் முழுக்க 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். தனியாக ஏற்பாடு செய்பவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறார்கள். ‘எளிது’ என்று போட்டிருந்தால் ஏற்றமே இருக்காது என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அது மற்றப் பாதைகளோடு ஒப்பிட்டுப் பாதைக்கு வைத்த பெயர். நம் முழங்காலைப் பார்த்து வைத்ததல்ல. அதனால் பணம் கட்டும் முன் நாலு விஷயம் கேளுங்கள்: மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மணி நேரம், நடுவில் திரும்ப இடம் உண்டா, கடைசியில் யார் வருவார்கள். நாலுக்கும் பதில் இல்லாத இடத்தில் நான் பணம் கட்ட மாட்டேன்.

‘வெறும் ஆறு கிலோமீட்டர்தானே’ என்பது நான் அடிக்கடி கேட்கும் வசனம். மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மதியச் சாப்பாடு ராத்திரிக்குப் போய்விடும். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் மலைநடைக்காரர்கள் இதைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள். ஆனால் அது நன்றாக நடந்து பழகியவருக்கு, அதுவும் குளிர்நாட்டில், ஓய்வு நேரத்தைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில், பதினொரு மணி வெயிலில், அதன்மேல் பாதியாவது கூட்டிக்கொள்வது நல்லது.

உங்கள் நிலை என்ன என்று தெரிய வேண்டுமா? கொட்டாரம் பக்கம் மருந்துவாழ் மலை இருக்கிறது. சுமார் 800 அடிதான், நாராயண குரு தவமிருந்த குகையும் அங்கேதான். கீழே கொஞ்ச தூரம் படி, அப்புறம் பாறை. விடியற்காலையில் பேசிக்கொண்டே ஏறிப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிந்தால் உங்கள் வேகம் சரி. வார்த்தை வார்த்தையாக உடைந்தால் நடுத்தரப் பாதைக்கு இன்னும் ஆறு வாரம் தள்ளிப் பதிவு செய்யுங்கள். அதுவரை வீட்டு மாடிப்படியே போதும். வயதானவர்களும் பிள்ளைகளுமாக வரும் குடும்பத்துக்கு நான் சிதறாலைத்தான் சொல்வேன். கல் பாவிய பாதை, மேலே போனால் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். யாருக்கு முடியவில்லையோ அவர் வழியிலேயே மரநிழலில் உட்கார்ந்துவிடலாம்.

குழுவாக நடக்கும்போது நடக்கிற ஒரு அநியாயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, பத்து நிமிஷம் இளைப்பாறுகிறார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், ‘சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுகிறார்கள். யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு நாள் முழுக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை. மூன்றாவது இடத்தில் அவர் முகம் வெளுத்துவிடும். ஒரு தடவை ஒரு அக்கா வாய் திறந்து எதுவுமே சொல்லவில்லை. ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்து, கட்டிய முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக விடுகிறோம். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவோம்.

வழிகாட்டியிடம் உடம்பைப் பற்றி மறைப்பது அடுத்தது. பிரஷர், ஆஸ்துமா, மூட்டு வலி, போன வருஷம் செய்த ஆபரேஷன், எதுவானாலும் காலையிலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும், நடந்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். டாக்டரிடம் முன்பே கேட்டுவிட்டு, பையின் அடியில் அல்ல, சட்டைப் பையிலேயே மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் விஷயத்தில் சென்னைக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அவர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. குமரிக்கு ஜூனில் தென்மேற்கும் உண்டு, அக்டோபரில் வடகிழக்கும் உண்டு. ஜூன் கடைசியில் காளிகேசத்துக்கு வந்து ‘வெயில்தானே அடிக்குது’ என்று ஆற்றில் இறங்குவார்கள். மழை மேலே மலையில் பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் செல்ஃபியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். வழிகாட்டி ‘இன்னைக்கு ஆத்தைக் கடக்க வேண்டாம்’ என்றால் அதோடு பேச்சு முடிந்தது. ஜனவரி, பிப்ரவரி நடைக்கு நல்ல காலம். ஆனால் அப்போதுதான் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். கீரிப்பாறை பக்கச் சரிவுகளில் காய்ந்த ரப்பர் இலை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், காலை வைத்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். கோடை முற்றினால் காட்டுத்தீ பயத்தில் பாதைகளையே மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலைநடைக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறக்கவில்லை. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று எவர் சொன்னாலும் போகாதீர்கள்.

புது ஷூவோடு வருவது ஊரறிந்த தவறு. அதைவிடப் பலருக்குத் தெரியாதது நகம். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும், சாயங்காலம் பார்த்தால் பெருவிரல் நகம் நாவல்பழ நிறத்தில் இருக்கும். இரண்டு நாள் முன்பே நகத்தை வெட்டிவிட்டு, இறக்கம் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதும். மழைக்காலத்தில் அட்டை ஏறினால் வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். வாய் பதிந்த இடத்தில் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையவிடாத ஹிருடின் என்ற பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் வடியத்தான் செய்யும். பயப்பட ஒன்றுமில்லை.

தின்பதற்கு மட்டி வாழைப்பழம் கொண்டு வராதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ப் பெருமைதான், ருசிக்குக் குறைவில்லை. ஆனால் தோல் மெல்லிசு, பையைத் திறக்கும்போது பஞ்சாமிர்தமாகியிருக்கும். ஏத்தன்பழம், அதாவது நேந்திரம்பழம் என்றால் எத்தனை அடி வாங்கினாலும் தாங்கும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர், கூட ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று. ஒரு பையன் பாதி ஏற்றத்திலேயே பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தான். வழிகாட்டிப் பெரியவர் பார்த்துவிட்டு, “மக்களே, இப்பமே எல்லாத்தையும் குடிச்சா இறங்கச்சில என்ன செய்வே?” என்றார். அவன் சிரித்தான். இறங்கும்போது என் பாட்டிலில்தான் குடித்தான்.

இறக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏறும்போது நெஞ்சுதான் கஷ்டப்படும், இறங்கும்போது தொடை. ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குவதால், வலி அன்றைக்குத் தெரியாமல் மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் முழுதாக வரும். இதை நினைக்காமல் ஞாயிறு காலையில் மலை, சாயங்காலம் சென்னை ரயில் என்று டிக்கெட் போட்டு வருகிறார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பர் பெர்த் மட்டும் எடுக்காதீர்கள்.