நின்று நின்று போன பிரிண்ட் ஸ்பூலர்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மாமாவின் ஜவுளிக் கடை கம்ப்யூட்டரில் பில் அடிக்கக் கொடுத்தால் ஒன்றும் வராது. விண்டோஸில் பின்னணியில் ஓடுகிறவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் பார்த்தால், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் நின்றுபோயிருக்கும். ஸ்டார்ட் கொடுத்தால் ஓடும், சில நொடியில் மறுபடி படுத்துவிடும்.

டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், கேபிளை மாற்றினேன். பிரயோஜனமில்லை. ரிப்பேர்காரர் விண்டோஸையே புதிதாகப் போடச் சொன்னார், தீபாவளி நேரத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

துப்பு கிடைத்தது, விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில். முதலில் 7031 என்ற எண்ணில் இரண்டு பதிவுகள், அப்புறம் 7034 என்று ஒன்று. 7031 என்றால் சர்வீஸ் விழுந்தது, திரும்ப எழுப்பப்படும். 7034-இல் எழுப்புகிற பேச்சே இல்லை. விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ஸ்பூலரின் ரெக்கவரி டேபிலும் (Recovery tab) அப்படியே இருந்தது, இரண்டு தடவை எழுப்பு, அதற்குமேல் விட்டுவிடு. ஆக, எழும்போதெல்லாம் எதையோ தொட்டுத்தான் விழுகிறது.

சர்வீஸை நிறுத்திவிட்டு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போனால், அச்சுக்குக் கொடுத்த பழைய பில் ஒன்றின் எஸ்பிஎல் (அச்சிட வேண்டிய விஷயம்), எஸ்எச்டி (அந்த அச்சு வேலையின் விவரம்) ஃபைல்கள் கிடந்தன. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அவை போகாது, ஸ்பூலர் கிளம்பியதும் மறுபடி அதையே எடுத்துப் படிக்கும். ஃபோல்டரை விட்டுவைத்து ஃபைல்களை மட்டும் அழித்து ஸ்டார்ட் கொடுத்தேன். பில் வந்தது, அப்பாடா!