யுடானே, டாங்ஜோங்: பிரெட் கற்பவர்கள் இடறும் இடங்கள்

பஞ்சு மாதிரி ஆசிய மில்க் பிரெட் செய்யக் கற்றுக்கொள்பவர்கள், வருஷங்கள் போனாலும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். இந்த பிரெட்டுக்கு மாவில் ஒரு பகுதியை முதலிலேயே சூடான நீரில் வேகவைத்துப் பிசைவில் சேர்ப்பார்கள். யுடானே, டாங்ஜோங் என்பவை அதற்கான இரண்டு முறைகள். ஈஸ்ட் பழசு, உப்பு மறந்துபோனது போன்றவை ஒரு தடவை பட்டால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பது

"யுடானே இல்லையா? அதே எடைக்கு டாங்ஜோங் போடுங்கள்" என்று யாராவது சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. எவ்வளவு மாவும் வெண்ணெயும் இதனால் குப்பைக்குப் போயிருக்கின்றன!

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. வெந்நீர், வித்து என்று பொருள்படும் அதே இரண்டு எழுத்துகளை ஜப்பானியர் 'யுடானே' என்று படிக்கிறார்கள், சீன மொழியில் 'டாங்ஜோங்' என்று படிக்கிறார்கள். முறை பிறந்தது ஜப்பானில். தைவானைச் சேர்ந்த இவோன் சென் 2007-ல் எழுதிய ரொட்டிப் புத்தகம்தான் 65 டிகிரியில் காய்ச்சும் கூழைச் சீன மொழி பேசும் ஊர்களில் பரப்பியது. அங்கிருந்து வெளியே வந்தபோது சீனப் பெயரே ஒட்டிக்கொண்டது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் செய்முறை வேறு.

யுடானேயில் மாவும் கொதிநீரும் சம எடை. ஊற்றிக் கிளறி, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். டாங்ஜோங்கில் ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீரோ பாலோ விட்டு, அடுப்பில் கிளறி, 65 டிகிரி வந்ததும் இறக்கவேண்டும். முன்னது கெட்டி உருண்டை, பின்னது கூழ்.

சமீபத்தில் ஒரு மாணவி செய்ததைப் பாருங்கள். குறிப்பில் 280 கிராம் மைதா, 110 கிராம் பால், 120 கிராம் டாங்ஜோங். டாங்ஜோங்குக்குப் பதிலாக 120 கிராம் யுடானே போட்டுவிட்டார். டாங்ஜோங்கில் 20 கிராம்தான் மாவு, மீதி 100 தண்ணீர். யுடானேயிலோ 60-க்கு 60. ஆக மாவு 40 கிராம் கூடி, தண்ணீர் 40 கிராம் குறைந்துவிட்டது. 100 கிராம் மாவுக்கு 70 கிராம் இருக்கவேண்டிய ஈரம் 50-க்கு இறங்கிவிட்டது. மாவு மிக்ஸர் கொக்கியில் ஒரே கட்டியாகச் சுற்றியது, மோட்டார் சூடேறி வாடை வந்தது. ஈஸ்ட்தான் சரியில்லை என்று அடுத்த நாள் புதுப் பாக்கெட் வாங்கி மறுபடியும் அதையே செய்திருக்கிறார்!

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், மொத்த மாவையும் மொத்தத் தண்ணீரையும் முதலில் தாளில் எழுதுங்கள். அந்தக் குறிப்பின் மொத்தம் 300 கிராம் மாவில் 60 கிராமை யுடானேக்கு ஒதுக்கினால், வெளியே 240 கிராம்தான் சேர்க்கவேண்டும். பாலையும் 150 கிராமாக ஏற்றவேண்டும். இந்தக் கணக்கு போட இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

ஆறின தண்ணீரில் யுடானே

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றவேண்டும். மாவும் பாத்திரமும் சேர்ந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். ஸ்டார்ச் வெந்தால்தான் அது தண்ணீரைப் பிடித்துவைக்கும். பிரெட் மறுநாளும் மெத்தென்று இருப்பது அதனால்தான். இடியாப்ப மாவுக்கு ஆறின தண்ணீர் விட்டால் பிழியும்போது அறுந்து அறுந்து விழுமே, அதே காரணம்தான்.

வித்து என்றதும் புளிக்க வைப்பது

இதில் ஈஸ்ட் கிடையாது. வெளியே வைத்தால் கெட்டுப்போகும்.

சூடாகவே சேர்ப்பது

ஈஸ்ட் செத்துவிடும்.

ஒட்டுகிறது என்று மைதா தூவுவது

வெந்த மாவு சேர்ந்த பிசைவு தொடக்கத்தில் கையில் ஒட்டத்தான் செய்யும். அப்போது கைப்பிடி மைதா தூவினால் இவ்வளவு நேரம் போட்ட கணக்கெல்லாம் வீண். மூடிவைத்து இருபது நிமிஷம் விடுங்கள், அப்புறம் பிசையுங்கள். வெண்ணெயைக் கடைசியில் சேருங்கள். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் மெல்ல விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக வரவேண்டும். அது வரும்வரை மைதா டப்பாவைத் திறக்காதீர்கள்.